நிமிடத்துக்கு இருபத்தெட்டு அடி

ஒரு பாட்டு ஒருத்தியின் மூன்று விரல்களை வெட்டிவிடும் என்று சொன்னால் நம்புவீர்களா? சிரிக்காதீர்கள். படித்துப் பட்டம் வாங்கி, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு திரிகிற நாலு பேர் அப்படித்தான் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் காருக்குக் கதவுக் கீல் அடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன பிரஸ் ஷெட். அதன் விபத்து அறிக்கையில், 'காரணம்' என்ற கட்டத்துக்குள் இருக்கிற வரி இது: "உடன் பணிபுரியும் பெண் பாடியதால் கவனம் சிதறி, தொழிலாளி தானாகவே கையை உள்ளே விட்டார்."

உடன் பணிபுரிந்த அந்தப் பெண்ணின் பெயர் சிம்ரன். வயது இருபத்தாறு. எழுதியவர்கள் அந்த வரியை நம்பினார்களோ இல்லையோ, அவள் நம்பினாள். நாலு மாதம் அதைச் சுமந்துகொண்டு திரிந்தாள். அந்த நாலு மாதத்தில்தான் தன் முதல் தனி ஆல்பத்தையும் பாடி முடித்தாள்.

சிம்ரனுக்கு ஊர் வெள்ளானூர். அப்பா சின்னசாமி யாரோ ஒருவருடைய நிலத்தில் நாற்று நட்டவர். அந்த நிலம் மனையாகி, மனை அடுக்குமாடியான பிறகு, அதே இடத்தின் கேட்டில் நின்று உள்ளே வருகிற கார்களுக்கு விசில் ஊதுகிறார். மகள் பிளஸ் டூ முடித்த கையோடு ஒப்பந்தக்காரன் ஒருவன் மூலம் பிரஸ் ஷெட்டுக்குப் போனாள். ஷேர் ஆட்டோவில் ஆவடி, ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் அம்பத்தூர், அங்கிருந்து நடை. எட்டு வருடம் அதே வழி.

ஷெட்டில் நாலு பிரஸ். மூன்றாவது பிரஸ்ஸில் கன்னியம்மா. பாரிவாக்கத்துக்காரி, நாற்பதைத் தாண்டியவள். அவள் தகட்டை வைத்து அடிப்பாள். வெளியே விழுகிற கீலை எடுத்து அளவுக் கட்டையில் வைத்துப் பார்த்து, நல்லது ஒரு பெட்டி, கெட்டது ஒரு பெட்டி என்று போடுவது சிம்ரனின் வேலை. இருவருக்கும் நடுவில் மூன்றடிதான். ஆனால் அந்த இரைச்சலில் பேச முடியாது. பாட முடிந்தது. சிம்ரனின் குரல் இரும்புச் சத்தத்துக்கு மேலே ஏறி நிற்கப் பழகியது அங்கேதான். எந்தப் பாட்டு வாத்தியாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த பிரஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு பட்டன்கள், இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கிற அச்சு கீழே இறங்கும். அதாவது அச்சு இறங்கும்போது இரண்டு கையும் வெளியே இருந்தாக வேண்டும். யாரோ மூளையைச் செலவழித்து, மனிதக் கையை மதித்துச் செய்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் நிமிடத்துக்குப் பதினெட்டு அடிக்கு மேல் போகாது. அதனால் கன்னியம்மா வேலைக்கு வருவதற்கு முன்பே வலது பட்டனை அழுத்தி, இடுக்கில் ஒரு ஐஸ் குச்சியைச் செருகி, மேலே கறுப்பு டேப் சுற்றிவிட்டார்கள். இனி இடது கை மட்டும் அழுத்தினால் போதும். வலது கை தகட்டை வைக்கலாம், எடுக்கலாம், வைக்கலாம். ஷெட்டில் இதற்கு 'ஒத்தக் கை' என்று பெயர். யாரும் கிசுகிசுக்கவில்லை. சூப்பர்வைசர் மனோகரன் சத்தமாகவே சொல்வார்:

"இன்னா கன்னிமா, தூங்கிகினு கீற? ஒத்தக் கைய உடு, ஜல்தியா அடி!"

ஒத்தக் கையில் தாளம் தப்பினால் கை போகும். அது கன்னியம்மாவுக்கும் தெரியும். அதற்குத்தான் பாட்டு. சிம்ரன் ஒவ்வொரு வரியின் முடிவிலும் அவளைக் கூப்பிடுவாள்.

*தகட்ட வெச்சி கைய இஸ்தேன் அக்கோவ்*
*தங்கத் தேரா செய்யறோம் நாம அக்கோவ்*
*கீலு போட்ட கதவத் தொறந்து அக்கோவ்*
*எவன் எறங்கி வருவான் பாப்போம் அக்கோவ்*

வரி தொடங்கும்போது வலது கை தகட்டோடு உள்ளே போகும். வரியின் நடுவில் வெளியே வரும். 'அக்கோவ்' என்றதும் இடது கை பட்டனை அழுத்தும், அச்சு இறங்கும். நாலு வருடம் இப்படியே ஓடியது. ஒரு பாதுகாப்புக் கருவியைப் பிடுங்கிப் போட்ட இடத்தில் ஒரு பெண்ணின் தொண்டையை வைத்து ஓட்டினார்கள். அதற்கு உற்பத்தித் திறன் என்று பெயர் வைத்தார்கள்.

ஷெட்டுக்கு வெளியே சிம்ரனுக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது. பட்டாபிராமில் ஒரு அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் விக்ரம் இருந்தான். கோயம்புத்தூர்க்காரன், கணினிக் கம்பெனியில் வேலை, படுக்கையறையின் பாதியில் மைக்கும் பெட்டிகளும். நாலு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். சிம்ரன் அதில் பாடினாள், மற்றவர்கள் வாசித்தார்கள். இரண்டு பேர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனதும் குழு கலைந்தது. விக்ரம்தான் சொன்னான்: "பாட்டெல்லாம் நீங்க எழுதினது. மெட்டும் உங்களது. தனியா ஒரு ஆல்பம் போடுங்க, சிம்ரன். ஒம்பது பாட்டு. பேரு உங்க பேரு மட்டும்."

சிக்கல் தாளத்தில் வந்தது. காதில் மாட்டுகிற கருவியில் டிக் டிக் என்று கேட்டால் அவளால் பாட முடியவில்லை.

"இது கடிகாரம் மாரி கீது. எனுக்கு மிஷின் அடி வோணும்."

"அப்போ அந்த அடியையே பதிவு பண்ணிட்டு வாங்க. அதையே பாட்டுல வெச்சிடலாம்."

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் போனைச் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கும் துண்டுக்கும் நடுவில் வைத்து உள்ளே கொண்டுபோனாள். ஷெட்டுக்குள் போன் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. காலை பதினொரு மணிக்குப் பதிவை ஓடவிட்டுப் பாட ஆரம்பித்தாள். மூன்று நிமிடம் பாட்டு அழகாகப் போனது. பிறகு, ஆல்பம் நினைப்பில், முந்தின நாள் ரயிலில் தோன்றிய ஒரு புது அடியைப் போட்டுப் பார்க்க ஆசை வந்தது. அதில் 'அக்கோவ்' இல்லை. வரிகள் ஒன்றின் வாலில் ஒன்று ஏறும்.

*எறங்குறவன் நம்மப் பாப்பானா*
*பாத்தா பேரு கேப்பானா*

முதல் வரி முடிந்ததும் கூப்பிடாமல் அடுத்த வரிக்குத் தாவினாள். வரி தொடங்கியதால் கன்னியம்மாவின் வலது கை உள்ளே போனது. வர வேண்டிய 'அக்கோவ்' வரவில்லை. ஆனாலும் நாலு வருடப் பழக்கத்தில் இடது கை அழுத்தியது.

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல்.

கம்பெனி வேனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை மூன்றாவது பிரஸ்ஸுக்குப் பூசை நடந்தது. சூடம், எலுமிச்சை, பூசணிக்காய். மிஷினுக்குக் கண் பட்டுவிட்டதாம். செவ்வாய்க்கிழமையில் ஒப்பாரி ராகத்தில் பாடியது வேறு ஆகவில்லையாம். பூசணிக்காய் வாங்க ஒருவன் ஓடினான். ஒரு பட்டனைச் சரிசெய்ய ஒருவனும் ஓடவில்லை. மிஷினின் நெற்றி எது என்று தெரியாத பூசாரி எல்லா இடத்திலும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். ஐஸ் குச்சியைச் சுற்றியிருந்த கறுப்பு டேப்பின் மேலேயும் ஒரு பொட்டு வைத்தார். சிம்ரன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாருக்கும் வெட்கமாக இல்லை. பக்தியில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள், ஆய்வுக்கு ஆள் வரப்போவது தெரிந்ததும், டேப்பை வெட்டிக் குச்சியை எடுத்து, பட்டனைத் துடைத்து வைத்தார்கள். அறிக்கையில் இரண்டு பட்டனும் நன்றாக வேலை செய்கின்றன என்று ஏறியது. காரணக் கட்டத்துக்குள் சிம்ரனின் பாட்டு ஏறியது.

அதற்குப் பிறகு அவள் ஷெட்டில் வாயைத் திறக்கவில்லை. புதிதாக வந்த பெண் மூன்றாவது பிரஸ்ஸில் இரண்டு கையாலும் அழுத்தினாள், பதினெட்டுக்குப் பதினெட்டு. ஞாயிறுதோறும் சிம்ரன் பட்டாபிராமுக்குப் போய், ஜன்னலில் மெத்தை சாத்திய அறையில் பாடினாள். பாட்டுதான் கையை வெட்டியது என்று நம்பிக்கொண்டே பாடினாள். அந்த ஒன்பது பாட்டிலும் தொண்டைக்குள் ஏதோ அடைத்த மாதிரி ஒரு சத்தம் வரும். விக்ரம் அதைக் குரலின் அழகு என்று நினைத்தான்.

அவனிடம் அவள் கொடுத்தது பதிவின் முதல் மூன்று நிமிடம்தான். மிஷினுக்கு இரண்டு பட்டன் என்று முன்பு சொல்லியிருந்தவள், விபத்தைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. மீதியை யாருக்கும் காட்டவில்லை. தானும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு, ஆறாவது பாட்டுக்கு மிஷின் அடியைப் பொருத்திக்கொண்டிருந்த விக்ரம் திரையைப் பார்த்துச் சொன்னான்:

"நிமிஷத்துக்கு நூத்திப் பன்னெண்டு தாளம் காட்டுதுங்க. நாலு தாளத்துக்கு ஒரு அடி. அப்போ நிமிஷத்துக்கு இருபத்தெட்டு அடி. செம வேகமா அடிக்கறாங்க உங்க அக்கா! ரெண்டு கையாலயும் பட்டன அமுக்கிட்டு எப்படிங்க இவ்வளவு வேகம்?"

சிம்ரன் தண்ணீர் குடிக்க எழுந்தவள் அப்படியே நின்றாள். இரண்டு கையால் பதினெட்டுதான். இருபத்தெட்டு என்றால் ஒத்தக் கை. டேப்பை வெட்டி எறிந்தாலும் அந்த எண்ணிக்கையை வெட்ட முடியாது. அது அவள் போனில் இருந்தது.

ஆனால் அதே போனில் அவள் குரலும் இருந்தது. போன் கொண்டுபோன குற்றமும், பாடிய குற்றமும், கடைசியில் அந்தத் தாவலும்.

அடுத்த வாரமே மனோகரன் ஒரு தாளை நீட்டினார். கன்னியம்மா இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டிருந்தாள்.

"தோ பாரும்மா, சாட்சி வாக்குமூலம். கன்னிமா அஜாக்கிரதையா கைய உட்டுச்சின்னு நீ பாத்தத எழுதிக்கீறோம். கையெழுத்த போடு. அடுத்த மாசம் உன்ன பர்மனன்ட் ஆக்கிடறேன்."

"நான் அப்டிப் பாக்கல சார்."

"அப்ப இன்னா பாத்த? பாடிகினு இருந்த இல்ல? அதயா எழுதட்டும்? யோசிச்சி திங்கக்கெழம குடு."

அவள் தாளை மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பாரிவாக்கம் போனாள். கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இடது கையில் கத்தி. வலது கையில் மிச்சமிருந்த கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் வெங்காயம்.

"வாடி பாடகி! இன்னா, ஆல்பம் வந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா. ஒரு பாட்டு கேக்குறியா?"

"காதுல நீயே மாட்டு. இந்த நண்டுக் கொடுக்க வெச்சிகினு எனுக்கு மாட்ட வர்ல."

பாட்டு ஓடியது. முதல் 'அக்கோவ்' வந்ததும் கன்னியம்மா சிரித்தாள். மூன்றாவதில் அவள் இடது கை கத்தியை வைத்துவிட்டு, தரையில், இல்லாத ஒரு பட்டனை அழுத்தியது. அதை அவள் கவனிக்கவில்லை, சிம்ரன் கவனித்தாள். பிறகு கன்னியம்மாவின் முகம் மாறியது.

"நிறுத்து. இதுல புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வர்து பாரு. காத்து லீக்கு. அது எப்ப வந்துச்சி?"

சிம்ரன் பாட்டை நிறுத்தினாள்.

"திங்கக்கெழம லீக்கு இல்ல. செவ்வாக்கெழம காலைல வந்துச்சி, நான் தான் மனோகரன் கைல சொன்னேன். அன்னிக்கு எடுத்ததா இது?"

"ஆமாக்கா."

"மீதி எங்க?"

"வோணாம்க்கா."

"போடுடி."

சிம்ரன் முழுப் பதிவையும் ஓடவிட்டாள். கன்னியம்மா வெங்காயத்தைக் கீழே வைக்காமல் கேட்டாள். நாலு நிமிடத்தின் முடிவில் தன் அலறலைத் தன் காதால் கேட்டாள். கருவியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"நான் அக்கோவ் சொல்லாம உட்டுட்டேன்க்கா," என்றாள் சிம்ரன். "அதனால தான் உன் கை..."

"இன்னா?"

"என் பாட்டால தான்க்கா."

கன்னியம்மா திரும்பினாள். "ஏன்டி, அறிவு கீதா உனுக்கு? ரெண்டு பட்டனும் வேல செஞ்சிருந்தா நீ ஒப்பாரி பாடு, குத்துப் பாட்டு பாடு, ஊமையா நில்லு, என் கை வெளியதான இருந்திருக்கும்? ஐஸ் குச்சி சொருவுனது நீயா?"

"இல்லக்கா."

"டேப்பு சுத்துனது?"

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு அவுனுங்க பாவத்த நீ தூக்கிகினு திரியற? கூலி குடுத்தானுங்களா அதுக்கு?"

சிம்ரன் அழுதாள். கன்னியம்மா அவளைத் தேற்றவில்லை.

"அழாத. எனுக்குக் கோவம் வேற. நாலு மாசமா இது உன் கைல கீது. அவுனுங்க ரெண்டு பட்டனும் சரியா கீதுன்னு எழுதிக் குடுத்தானுங்க. வக்கீலு என்னாண்ட, சாட்சி யாராவது கீறாங்களான்னு கேட்டுகினே கீறாரு. நான் ஒருத்தரும் இல்லன்னு சொல்லிகினு கீறேன். உன் பாட்டுக்கு என் மிஷின் வோணும். என் கேஸுக்கு நீ வர மாட்ட. வெரலு போனது கூட இப்டி வலிக்கல."

சிம்ரன் பையிலிருந்து மனோகரனின் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியும், மெதுவாகப் படித்தாள். படித்துவிட்டு, உரித்த வெங்காயத் தோலையெல்லாம் அதன் மேல் அள்ளிப் போட்டாள்.

கிளம்பும்போது சிம்ரன் கேட்டாள்: "ஆல்பத்துல அந்தப் பாட்டு இருக்கட்டுமாக்கா?"

"இருக்கட்டும். அடிய போட்டுக்கோ. கத்தல போடாத. அது என்னுது."

திங்கட்கிழமை சிம்ரன் கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். வெங்காய வாசனை அடித்த தாளை மனோகரன் இரண்டு விரலால் பிடித்தார். விசாரணை நாளில் அவள் போனைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். முழுப் பதிவு. தாளத்தை எப்படி எண்ணுவது என்று விக்ரம் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தான். கன்னியம்மாவின் வக்கீல் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணிக் காட்டினார்: இருபத்தெட்டு. கம்பெனி வக்கீல் எழுந்து நின்று, சந்தோஷமாகவே சொன்னார்: "பாடியது நிரூபணமாகிவிட்டது, ஐயா. எங்கள் அறிக்கை சொன்னதும் அதுதான்." பதிவை நிபுணர் பார்க்க வேண்டும் என்று விசாரணை அதிகாரி தேதி போட்டார். அந்தத் தேதி வந்து போனது. இன்னொரு தேதி வந்து போனது.

போன் கொண்டுவந்த குற்றத்துக்காக ஒப்பந்தக்காரன் சிம்ரனை நிறுத்தினான். எஸ்டேட்டில் வேறு ஷெட்டுகளில் கேட்டாள். பெயரைச் சொன்னதும் இடம் இல்லை என்றார்கள். இப்போது ஆவடியில் ஒரு துணிக்கடையில் நாள் முழுதும் நின்று புடவை விரித்துக் காட்டுகிறாள். கடையில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அவள் கூடவே முணுமுணுப்பதுகூட இல்லை. விசாரணைக்கு வரும்போது கன்னியம்மா சிம்ரனுக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறாள். ஆனால் நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்காருகிறாள்.

ஆல்பம் வெளியாகிவிட்டது. ஒன்பது பாட்டு, சிம்ரனின் பெயர் மட்டும். வெளியான அன்று விழா இல்லை, மேடை இல்லை. அவள் கடையில் இருந்தாள், விக்ரம் அலுவலகத்தில் இருந்தான். முதல் மாதத்தில் கேட்டவர்கள் நானூற்றுப் பதினொரு பேர். ஆறாவது பாட்டு கடைசி 'அக்கோவோடு' முடிகிறது. அதற்குப் பிறகு பதினொரு வினாடி மிஷின் மட்டும் தனியாக அடிக்கிறது. முக்கால்வாசிப் பேர் அந்த இடத்தில் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறார்கள் என்று விக்ரம் கணக்குப் பார்த்துச் சொன்னான்.

"அத எடுத்துடலாமாங்க?"

"வோணாம்," என்றாள் சிம்ரன். "அது அக்காவோட அடி."

நீங்கள் கேட்டால் தாவாதீர்கள். கடிகாரத்தை எடுத்து எண்ணுங்கள். அந்தப் பதினொரு வினாடியில் ஐந்து அடி விழும். ஒவ்வொன்றும் ஒரு கை உள்ளே போய் வெளியே வந்த சத்தம்.

எண்ணி முடித்துவிட்டு உச்சுக் கொட்டிக் கலைந்துபோகாதீர்கள். அந்தக் கையை வைத்துக்கொண்டு கன்னியம்மா எத்தனையோ உச்சுகளைக் கேட்டுவிட்டாள். அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பிரஸ்ஸில் நிற்கிறவர் ஒருவராவது இருப்பார். இன்றைக்குச் சாப்பிடும்போது அவரிடம் கேளுங்கள்: உன் மிஷினில் இரண்டு பட்டனும் வேலை செய்கிறதா? இல்லை என்று சொன்னால், அவர் பெயரை வெளியே விடாமல், தொழிற்சாலை ஆய்வாளருக்கு நீங்கள் எழுதுங்கள். பதில் வரவில்லை என்றால் மறுபடியும் எழுதுங்கள். அங்கே பூசணிக்காய் உடைவதற்கு முன்னால் எழுதுங்கள்.